ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத்: முட்டி வலி அத்தை, ரெண்டு வாண்டு, ஒரே ஒரு ஞாயிறு. போகலாமா?

ஹொரமாவு வீட்டுக்காரி
வியாழன், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா சத்தமில்லாம படிச்சுட்டுப் போறவ, இன்னைக்குத்தான் வாயைத் திறக்கறேன்.

கும்பகோணத்துலேர்ந்து அத்தை (வீட்டுக்காரரோட அம்மா) வந்து மூணு வாரம் ஆச்சு. வயசு 71. ரெண்டு முட்டியிலயும் வலி. சமதரைன்னா மெதுவா எவ்வளவு தூரம் வேணா நடப்பாங்க, படின்னா பத்தைத் தாண்டாது. பெரியவன் நாலாவது படிக்கிறான், சின்னவளுக்கு அஞ்சு வயசு. இதுவரைக்கும் அத்தைக்கு நாங்க காட்டின பெங்களூரு: மூணு மால், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். நேத்து சாதம் பிசைஞ்சுக்கிட்டே "பூந்தோட்ட ஊருன்னு சொன்னாங்களே, நீங்க எஸ்கலேட்டரையே காட்டிண்டு இருக்கீங்களே"ன்னுட்டாங்க. அதோட என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணுமே.

வர்ற ஞாயிறு ஒருநாள்தான் இருக்கு. பழைய மாளிகை ஒண்ணு, சுத்தித் தோட்டம், மர நிழல்ல கட்டுச்சாதம். எங்க ஆசை அவ்வளவுதான். திப்புவோட கோடை மாளிகை, தரியா தௌலத் பாக் நல்லா இருக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. "ஒரு மர வீட்டைப் பார்க்கப் போக வர 250 கிலோமீட்டர் ஓட்டணுமா"ங்கறார் இவர். போய்ட்டு வந்தவங்க உள்ளதைச் சொல்லுங்க.

பைக் பாண்டி
வியாழன், இரவு 11.05

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு அக்கா. நான் போனப்ப பதினஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துட்டேன். வெளியேர்ந்து பார்த்தா பச்சைத் திரை தொங்குற ஒரு மண்டபம். உள்ளே போட்டோ எடுக்க விடல. மாடிக்கு விடல. சுவர் பூரா ஏதோ குதிரை யானைக் கூட்டம்.

அதுக்கு ரங்கனதிட்டு போங்க, பக்கத்துலதான். படகு, மேலே கூழைக்கடா, கீழே முதலை. பசங்க வாழ்நாள்ல மறக்க மாட்டாங்க. 1940-ல பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி சொல்லி மைசூர் மகாராஜா பறவைச் சரணாலயம் ஆக்கினது. 2022-ல உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் வந்துடுச்சு.

என்னால இப்ப நினைச்ச நேரம் போக முடியலங்கறது தனிச் சோகம். 2023 ஆகஸ்ட்லேர்ந்து மைசூரு எக்ஸ்பிரஸ்வேயோட நடுப்பாதையில பைக்குக்குத் தடை. சர்வீஸ் ரோட்டுல ஊர் ஊரா உருட்டிட்டுப் போகணும்.

அல்சூர் பெரியவர்
வெள்ளி, காலை 6.20

ஏன்மா, சும்னே எதுக்கு அவ்வளவு தூரம்? கே.ஆர். மார்க்கெட் பக்கத்துலயே, கோட்டெ வெங்கடரமணா கோயிலுக்கு ஒட்டினாப்ல திப்பு மாளிகை ஒண்ணு இருக்கே. திப்புவோட அப்பா ஹைதர் 1781-ல ஆரம்பிச்சு திப்பு 1791-ல முடிச்சது. அதுவும் தேக்குதான், அதுவும் கோடை மாளிகைதான். 'ரஷ்க்-எ-ஜன்னத்'னு பேரு, சொர்க்கமே பொறாமைப்படுமாம். இன்னைக்கு அந்தக் காளாசிபாளையம் டிராஃபிக்கைப் பார்த்தா சொர்க்கம் பொறாமைப்படாது, பாவப்படும். ஆனா தோட்டம்னு அங்க மிச்சம் இருக்கறது ஒரு புல்தரைதான், அதைச் சொல்லிடறேன்.

வசந்த நகர் பெங்களூரு அரண்மனையும் இருக்கு. 1878-ல முடிஞ்சது, இங்கிலாந்துக் கோட்டை வீடு மாதிரி கோபுரமும் கொடியும். உள்ளே படி ஜாஸ்தி, உங்க அத்தைக்கு ஆகாது. லால்பாக்னா 240 ஏக்கர், 1889 கண்ணாடி மாளிகை, சமதரை. ஞாயித்துக்கிழமை கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும்.

நான் இந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவன். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பாவோட ரயில்ல போனது ஞாபகம் இருக்கு. ரயில் கோட்டைக்குள்ளேயே போய் நிக்கும். இப்பவும் அப்படித்தான்.

மண்டியா மருமகள்
வெள்ளி, காலை 9.15

தரியா தௌலத்தை அநியாயத்துக்கு ஓரம் கட்டறீங்களே! பதினஞ்சு நிமிஷத்துல வந்தா அந்த வீட்டுல ஒண்ணும் தெரியாது, பாண்டி. அது நின்னு பார்க்கற வீடு.

அக்கா, நான் மதுரைப் பொண்ணு, மண்டியாவுல வாழ்க்கைப்பட்டு பன்னெண்டு வருஷம். ஊர்லேர்ந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போற வேலை என் தலையிலதான். அதனால இதைக் குறிச்சுக்கங்க.

வாசல்லேர்ந்து மாளிகை வரைக்கும் நேர்ப் பாதை, சமதரை. நடுவுல நீர் வாய்க்கால், ரெண்டு பக்கமும் புல்லு, மரம். அத்தை நிதானமா நடக்கலாம், வழியில உட்காரலாம். மாளிகை ஒரு மேடை மேல இருக்கறதால கொஞ்சம் படி உண்டு. ஒருத்தர் கையைப் பிடிச்சா ஏறிடலாம். ஏறிட்டா அப்புறம் எல்லாம் ஒரே தளம்.

உள்ளே கட்டுச்சாதத்தைப் பிரிச்சா காவலர் விசிலோட வந்துடுவார். தொல்லியல் துறை இடம். சாப்பாட்டுக்குச் சங்கமம் போங்க, காவிரி ரெண்டாப் பிரிஞ்சு தீவைச் சுத்தி மறுபடி சேர்ற இடம். மர நிழல் உண்டு. பிள்ளைங்களைத் தண்ணிக்குள்ள மட்டும் இறக்காதீங்க. மேல பார்க்க ஆறு சாது, அடியில இழுப்பு. வருஷா வருஷம் உயிர் போகுது.

ரங்கநாதர் கோயிலைக் காலையிலயே முடிச்சுடுங்க. மதியம் நடை சாத்திடுவாங்க. கும்பஸ், அதாவது ஹைதரும் திப்புவும் அடக்கமான இடம், நல்ல அமைதியா இருக்கும். ஆனா உசந்த மேடை, செருப்பையும் கழட்டணும். வெயில்ல கல்லு சுடும். அத்தையைக் கார்ல உட்கார வெச்சுட்டுப் போய்ட்டு வாங்க.

அந்தப் பச்சைத் திரையைப் பத்தி ஒண்ணு. ஓவியத்துல வெயில் படாம இருக்கத்தான் சுத்தித் திரை கட்டியிருக்காங்க. வெளியேர்ந்து பார்த்தா கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரித்தான் தெரியும். திரைக்குள்ள போனவுடனே மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு இடம் விடாம வண்ணம்.

ராஜாஜிநகர் வாத்தியார்
வெள்ளி, மாலை 4.50

அம்மா, தங்கள் கணவரிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். அந்த வீட்டுச் சுவரில் இருப்பது அவருடைய சொந்த மாநிலம்.

பாண்டி 'ஏதோ குதிரை யானைக் கூட்டம்' என்று எழுதியிருப்பது மேற்குச் சுவர். அதில் ஒரு பகுதி ஹைதரும் திப்புவும் படையோடு செல்லும் ஊர்வலம். இன்னொரு பகுதி 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் நடந்த சண்டை. ஆங்கிலேயர் வாயில் அது 'பொல்லிலூர்' ஆயிற்று. உண்மையில் புள்ளலூர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம்முடைய சின்ன கிராமம்.

நடந்தது இதுதான். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி ஏறத்தாழ 3,800 பேரோடு வடக்கிலிருந்து வருகிறார். கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோவின் பெரும்படை காஞ்சிபுரத்தில். இரண்டும் சேர்ந்துவிட்டால் கம்பெனிக்குப் பலம். நடுவில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம். பெய்லி ஒரு வாரத்துக்கும் மேல் கரையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அதற்குள் திப்பு வந்துவிட்டார். பிறகு ஹைதரும். புள்ளலூரில் வளைத்துக்கொண்டு பீரங்கியும் ஏவுகணையும் பொழிய, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அத்தோடு முடிந்தது கதை. மன்றோ அரை நாள் நடைத் தூரத்தில் இருந்தும் போய்ச் சேரவில்லை. தம் கனரக பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிவிட்டார்.

நான் முப்பத்திரண்டு ஆண்டு வரலாறு நடத்தியவன். பாடப்புத்தகத்தில் இது ஒன்றரை வரி. நானும் ஒன்றரை நிமிடத்தில்தான் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சுவர் முன்னால் நின்றபோதுதான் வெட்கமாக இருந்தது.

அதே புள்ளலூரில்தான் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவருக்கும் சாளுக்கிய இரண்டாம் புலிகேசிக்கும் போர் நடந்தது. இரண்டு தடவையும் மேற்கிலிருந்து வந்த படை. அந்த வயலுக்கு என்ன ராசியோ.

சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டுத் தருகிறேன். சுவரில் இவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லி, வெடித்துச் சிதறும் வண்டி, சண்டைக்கு நடுவே பூவை முகர்ந்துகொண்டிருக்கும் திப்பு, ஒரு பன்றி, ஒரு மாடு. கடைசி இரண்டும் ஐதராபாத் நிஜாமைக் கிண்டல் செய்ய வரைந்தது, காட்டுப்பன்றிபோல் வந்து மாடுபோல் ஓடினார் என்று அங்கே வழிகாட்டிகள் சொல்வார்கள்.

தங்கள் அத்தைக்குத் தனியாக ஒன்று. கிழக்குப் பக்கச் சுவரில் அக்கால அரசர்களின் படங்கள் வரிசையாக உள்ளன. சித்தூர் ராணி, காசி ராஜா, சித்ரதுர்கா மதகரி நாயகர், மாகடி கெம்பேகௌடா. அவர்களோடு தஞ்சாவூர் ராஜாவும் இருக்கிறார். கும்பகோணத்தார் பார்க்காமல் வரலாமா?

தென்காசி டைகர்
வெள்ளி, இரவு 8.02

திப்புவை இப்படித் தலையில தூக்கி வெச்சு ஆடறீங்களே, அவர் செஞ்ச மத்ததெல்லாம் யார் பேசுவா?

பைக் பாண்டி
வெள்ளி, இரவு 8.06

ஆரம்பிச்சுட்டாங்கய்யா.

ராஜாஜிநகர் வாத்தியார்
வெள்ளி, இரவு 8.30

தூக்கி வைக்கவில்லை தம்பி. அந்தச் சுவர் வென்றவன் வரைய வைத்த சுவர். அப்படித்தான் அதைப் பார்க்கவும் வேண்டும். தோற்ற நாளை எவனும் வரவேற்பறையில் வரைந்து வைப்பதில்லை. அடுத்த ஆண்டே, 1781-ல், அதே புள்ளலூரில் மறுபடி சண்டை நடந்தது. அது இந்தச் சுவரில் கிடையாது. அதில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவருக்கு நினைவுத் தூண்கள் இன்றும் அந்த ஊரில் நிற்கின்றன.

1799 மே 4-ல் கோட்டை விழுந்து திப்பு இறந்ததும் இந்த மாளிகையில் குடியேறியவர் யார் தெரியுமா? ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு. தன் நாட்டுப் படை தோற்ற படத்துக்கு எதிரேதான் புழங்கியிருக்கிறார். அவர் அதைச் சுரண்டி எடுக்கவில்லை. 1850-களில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி வந்து பார்த்துவிட்டுப் புதுப்பிக்கவே உத்தரவிட்டார்.

நெறியாளர்
வெள்ளி, இரவு 9.10

திப்பு நல்லவரா கெட்டவரா என்ற பஞ்சாயத்துக்கு ஏற்கெனவே 41 பக்க இழை இருக்கிறது. அங்கே போங்கள். இதில் அத்தையை எப்படி அழைத்துப் போவது என்பது மட்டும். மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

எலக்ட்ரானிக் சிட்டி கொங்கு
வெள்ளி, இரவு 10.25

வாத்தியாரய்யா எழுதினதுக்கு நானும் ஒண்ணு சேர்த்துக்கறனுங்க. ஊட்டியில புனித ஸ்டீபன் சர்ச்சுன்னு ஒண்ணு இருக்குதுல்லைங்க, மஞ்சளா, மேட்டு மேல? 1829-ல அடிக்கல் போட்டது. அதோட கூரை உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட லால்பாக் அரண்மனையைப் பிரிச்ச மரமுங்க. யானை கட்டி மலைக்கு இழுத்துக் கொண்டாந்திருக்காங்க. கும்பஸ் இருக்குற தோப்புலதான் அந்த அரண்மனை இருந்துச்சு. இப்ப அங்க அரண்மனை இல்லைங்க, ஊட்டியில இருக்குது.

எங்கப்பாரு மர வியாபாரமுங்க. அந்த சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போயி, அண்ணாந்து பாத்துட்டு, "இந்தத் தேக்கு இந்த மலையில வெளைஞ்சதில்லடா"ன்னாரு. அப்ப எனக்கு எட்டு வயசு. சாமி கும்பிடாம மரத்தைப் பாக்குறாரேன்னு நெனைச்சேன்.

அதனால தரியா தௌலத் தப்பிச்சு நிக்கறதே பெரிய விசயமுங்க. தேக்கு வீடு. பிரிச்சா காசு. போயிட்டு வாங்கக்கா.

ஹொரமாவு வீட்டுக்காரி
சனி, காலை 7.30

ராத்திரி இதையெல்லாம் அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். தஞ்சாவூர் ராஜான்னதும் "நாளைக்கே போலாம்"னுட்டாங்க. அதோட ஒரு சண்டை வேற: ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், ஸ்ரீரங்கம் அந்தியரங்கம்னு நான் சொல்லப் போக, "அதெப்படி நம்ம ஸ்ரீரங்கம் கடைசி?"ன்னு ஒரே கோவம். ஆறு வர்ற வழியில எண்ணினா அப்படித்தான் அத்தைன்னு சமாளிச்சேன்.

மத்தூர் வடை எங்க வாங்கலாம்? இவர் அதுக்காகத்தான் காரை எடுக்கவே ஒத்துக்கிட்டார்.

மண்டியா மருமகள்
சனி, காலை 8.11

மத்தூர்லதான் வாங்கணும், வேற எங்க! ஆனா கவனம். எக்ஸ்பிரஸ்வே பிடதி, ராமநகரா, சென்னபட்டணா, மத்தூர், மண்டியா எல்லா ஊரையும் வெளியாலயே சுத்திட்டுப் போயிடும். வடை வேணும்னா முன்னாடியே சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி ஊருக்குள்ள போகணும். தவறிட்டா மண்டியா தாண்டினப்புறம்தான் "அய்யோ வடை"ன்னு தோணும். அந்த ரோடு வந்ததுலேர்ந்து ஊருக்குள்ள வடைக்கடை, சென்னபட்டணா மரப்பொம்மைக்கடை எல்லாம் ஈயோட்டுது. எங்க மாமனாருக்கு அதுல ரொம்ப வருத்தம். முன்னாடி ஞாயித்துக்கிழமைன்னா ரோட்டோரம் கார் நிறுத்த இடம் இருக்காதாம். இப்ப பெங்களூரு சீக்கிரம் வருதுன்னு அவருக்கு என்ன லாபம்?

போற வழியில பிடதியில தட்டே இட்லி சாப்பிட்டுக்கங்க. வடை திரும்பறப்போ.

ஹொரமாவு வீட்டுக்காரி
திங்கள், இரவு 9.35

போய்ட்டு வந்தாச்சு. நேத்து வீடு சேர ராத்திரி எட்டரை. இன்னைக்கு முழுக்க எல்லாருக்கும் கால் வலி, அத்தையைத் தவிர.

காலையில ஆறேகாலுக்குக் கிளம்பினோம். ஹொரமாவுலேர்ந்து கெங்கேரி தாண்டறதுக்குள்ளயே சின்னவ ரெண்டு தடவை "வந்துடுச்சா?"ன்னு கேட்டா. பிடதி இட்லி சொன்ன மாதிரியே தட்டு அகலம். கோயில்ல கூட்டம்தான், ஆனா முக்கால் மணி நேரத்துல தரிசனம் ஆச்சு. பெருமாள் படுத்துண்டு இருக்கற அழகைப் பார்த்துட்டு அத்தை ஆதி அந்தம் சண்டையை வாபஸ் வாங்கிட்டாங்க.

வெளியில ஒரு வழிகாட்டி ஒட்டிக்கிட்டார். எண்ணூறு ரூபாயில ஆரம்பிச்சு முந்நூறுக்கு வந்தார். முதல் வரியிலயே "இங்கேர்ந்து மைசூருக்கு ரகசியச் சுரங்கப் பாதை"ன்னார். கும்புட்டு அனுப்பிட்டோம். வாத்தியார் ஐயா பதிவை போன்ல திறந்து வெச்சுக்கிட்டேன், அது போதும்னு.

பதினோரு மணிக்கு தரியா தௌலத். பிள்ளைகளுக்கு டிக்கெட் கேக்கலை, எங்களுக்கும் சொற்பம்தான். அந்த நேர்ப் பாதையில அத்தை நடந்த நடையை நீங்க பார்த்திருக்கணும். வீட்டுக்குள்ள ஹால்லேர்ந்து சமையலறைக்கு வரவே சுவத்தைப் பிடிப்பாங்க. அங்க வாய்க்கால் ஓரமா, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் நின்னு, "இது என்ன மரம், இதுக்கு யார் தண்ணி விடறா"ன்னு விசாரிச்சுக்கிட்டு ஒரு மிராசுதாரர் மாதிரி போனாங்க. நாங்க மால்ல கூட்டிட்டுப் போனதெல்லாம் என்ன கொடுமைன்னு அப்பத்தான் உறைச்சது. அங்க உட்காரணும்னாலும் ஏதாவது வாங்கித்தானே உட்காரணும்?

பாண்டி, திரைக்கு வெளியில நின்னா நீங்க சொன்னதுதான் சரி. உள்ளே போனதும் மண்டியா மருமகள் சொன்னதுதான் சரி. கண்ணு இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் ஆகுது, அப்புறம் தூண், வளைவு, மேல்கூரைன்னு ஒவ்வொண்ணா வெளிய வருது. அந்த ஒரு நிமிஷம் நிக்காதவங்க திரும்பி வந்துடறாங்க. நிறையப் பேர் அப்படி வந்து அப்படிப் போனதைப் பார்த்தேன்.

பெரியவன் முதல்ல பல்லக்கைக் கண்டுபிடிச்சான். வெடிக்கற வண்டியும் சுலபமா அகப்பட்டுச்சு. திப்புவோட பூவைக் கண்டுபிடிச்சது சின்னவ. "இந்த மாமா மட்டும் சண்டை போடாம பூ மோந்துண்டு இருக்கார்"னா. பன்றி, மாடு தேடறதுக்கு என் வீட்டுக்காரர் களத்துல இறங்கினார். மர வீட்டுக்கு 250 கிலோமீட்டரான்னு கேட்ட அதே ஆள், முக்கால் மணி நேரம் அந்தச் சுவரை விட்டு நகரலை. பக்கத்துல நின்ன ஒரு கன்னடக் குடும்பமும் சேர்ந்துடுச்சு. அவங்க பையன்தான் மாட்டைக் காட்டினான். அவங்களுக்குப் புள்ளலூர் கதையை இவர் தனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல சொன்னார். பாதி கையாலதான் சொன்னார். அவங்க பதிலுக்கு, 2017-ல ரயில் பாதையை இரட்டையாக்க திப்புவோட ஆயுதக் கிடங்கை இடிக்காம, ஆயிரம் டன் எடையை அப்படியே ஜாக்கி வெச்சுத் தூக்கி நூறு மீட்டருக்கு மேல நகர்த்தின கதையைச் சொன்னாங்க. பசங்களுக்கு அது ஓவியத்தைவிடப் பிடிச்சுப் போச்சு. அதையும் போய்ப் பார்த்தோம்.

தஞ்சாவூர் ராஜாவை நாங்களாக் கண்டுபிடிக்க முடியலை. எல்லாரும் தலைப்பாகையோட ஒரே சாடையா இருக்காங்க. அங்க வேலை பார்க்கற ஒரு பெரியவர்தான் காட்டினார். அத்தை கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "ராஜாக்களையே எதிர்த்தாப்ல எல்லாரும் பார்க்கற மாதிரி மாட்டி வெச்சுட்டானே"ன்னாங்க. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு நான் கேக்கலை.

மதியம் சங்கமத்துல புளியோதரையும் தயிர் சாதமும். குரங்கு ஒண்ணு வடாம் பையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு, மத்தபடி சேதமில்லை. கும்பஸுக்கு இவரும் பசங்களும் மட்டும் போனாங்க. பெய்லியை அடைச்சு வெச்ச நிலவறையையும் பார்த்துட்டு வந்தாங்க. 1782-ல அந்த ஊர்லயே சிறையில இறந்துட்டாராமே. "பல்லக்குல இருந்த மாமா இங்கதான் செத்துப் போனாரா?"ன்னு பெரியவன் கேட்டவன், அதுக்கப்புறம் கார்ல கொஞ்ச நேரம் பேசலை.

அப்புறம்தான் ஒரு கேள்வி கேட்டான். எனக்கு பதில் தெரியலை, இங்க வெக்கறேன். "அம்மா, பெய்லி படையில வெள்ளைக்காரங்க கொஞ்சம்தானே, மத்தவங்க யாரு? பாட்டி ஊரா?"

ராஜாஜிநகர் வாத்தியார்
திங்கள், இரவு 10.20

கெட்டிக்காரப் பையன். என் வகுப்பில் முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்தப் படையில் பெரும்பாலானவர்கள் இந்தியச் சிப்பாய்கள்தாம், சென்னைக் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். ஹைதர் பக்கமும் பல ஊர், பல மொழிக்காரர்கள். ஆங்கில அதிகாரிகளில் சிறைப்பட்டவர்கள் சிலர் திரும்பி வந்து நினைவுக்குறிப்பு எழுதினார்கள். பெயர் தெரிகிறது. சிப்பாய் எழுதவில்லை. அடுத்த தடவை போனால் சதுரமாக வளைக்கப்பட்டு நிற்கும் அந்தச் சிவப்புச் சட்டைக் கூட்டத்தில் முகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுரங்கப் பாதை வழிகாட்டியை அனுப்பியது நல்லது. இந்தியாவில் சுரங்கப் பாதை இல்லாத கோட்டையை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

பைக் பாண்டி
திங்கள், இரவு 10.48

சரி, நான் தோத்துட்டேன். அடுத்த மாசம் ரயில்ல போறேன். ஒரு நிமிஷம் நின்னு பார்க்கறேன்.

வடை என்ன ஆச்சு?

ஹொரமாவு வீட்டுக்காரி
திங்கள், இரவு 11.02

மத்தூர்ல இறங்கற இடத்தைத் தவற விட்டுட்டோம். வீட்டுக்காரர் திப்புவோட ஏவுகணையைப் பத்திப் பேசிக்கிட்டே நேரா விட்டுட்டார். அப்புறம் வழியில ஒரு கடையில 'மத்தூர் வடை'ன்னு போர்டு போட்டிருந்ததை நம்பி வாங்கினோம். சவசவன்னு இருந்தது.

மண்டியா மருமகள்
செவ்வாய், காலை 7.40

சவசவன்னு இருந்தா அது மத்தூர் வடையே இல்லை. ரவையும் அரிசி மாவும் வெங்காயமும் போட்டுத் தட்டிப் பொரிச்சா, ஆறினப்புறமும் மொறுமொறுன்னு இருக்கணும். ரயில்ல வித்து வளர்ந்த பண்டம் அது. அடுத்த தடவை எனக்கு ஒரு செய்தி அனுப்புங்க, எங்க மாமனாரே ரோட்டுல வந்து நின்னு வழி காட்டுவார்.

எலக்ட்ரானிக் சிட்டி கொங்கு
செவ்வாய், காலை 9.05

ஊட்டி போனா சர்ச்சுக்குள்ள அண்ணாந்து பாத்துட்டு வாங்கக்கா. பாதி அரண்மனை பாத்தாச்சு, மீதி அங்கதான இருக்குது.

ஹொரமாவு வீட்டுக்காரி
செவ்வாய், இரவு 9.50

ஊட்டி இருக்கட்டும், இங்க வேற ஒண்ணு கிளம்பிடுச்சு. மே மாசம் கும்பகோணம் போறப்போ வழியில புள்ளலூர் போயே ஆகணும்னு பெரியவன் ஒத்தைக்கால்ல நிக்கறான். இவரும் மேப்பைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார். எங்க கும்பகோணம், எங்க காஞ்சிபுரம்? "கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான்"ங்கறார், போன வாரம் 250 கிலோமீட்டருக்கு மூக்கால அழுத மனுஷன்.

வாத்தியார் ஐயா, அந்த நினைவுத் தூண் இருக்கற இடத்துல படி எத்தனைன்னு அத்தை கேக்கச் சொன்னாங்க.